வேர்ட்பிரஸ் செருகுநிரல்களில் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்: ஒரு பாதுகாப்புக் குறையின் வரலாறு

கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்பது, ஒரு வலைத்தளத்தின் பக்கத்துக்குள் அத்தளத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர் தம் ஸ்கிரிப்டை நுழைத்து, பக்கத்தைத் திறப்பவரின் உலாவியில் அதை இயங்கச் செய்யும் தாக்குதல் முறையாகும். இது சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ். எனப்படுகிறது. கடவுச்சொல்லைத் திருடியோ வழங்கிக் கணினியை உடைத்தோ இத்தாக்குதல் தொடங்குவதில்லை. தளமே தன் கையால் தாக்குபவரின் ஸ்கிரிப்டை எடுத்துப் பார்வையாளரிடம் கொடுத்துவிடுகிறது. உலாவியும் அது தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட் என்றே நம்பி இயக்குகிறது.

இந்தக் குறைக்குப் பெயர் கிடைத்தது 2000ஆம் ஆண்டில். அதன் பிறகு பெரிய நிறுவனங்களின் தளங்களில் இது படிப்படியாகக் குறைந்தாலும், வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படும் பிளகின் எனப்படும் செருகுநிரல்களில் தொடர்ந்து காணப்படுகிறது. உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குவதால், ஒரு செருகுநிரலில் விடுபட்ட ஒரு வரி பல இலட்சம் தளங்களைத் திறந்துவிடக்கூடும். செய்தி இதழ்கள், சிறு கடைகள், பள்ளிகள், தனிமனித வலைப்பதிவுகள் என அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கணினிப் பணியாளர் இருப்பதில்லை.

பின்னணி

வலையின் முதல் ஆண்டுகளில் பக்கம் என்பது அசையாத ஆவணம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி குக்கி எனப்படும் நினைவியை உருவாக்கினார். வந்தவர் யார் என்பதைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. 1995 மே மாதத்தில் அதே நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் அது ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரைப் பெற்றது. இவ்விரண்டும் சேர்ந்தவுடன் ஒரு கேள்வி எழுந்தது: ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் குக்கியைப் படித்தால் என்ன ஆகும்? அதற்கு விடையாக நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 உலாவியில் ஒரே மூலக் கொள்கை வந்தது. எந்த முகவரியிலிருந்து பக்கம் வந்ததோ, அந்த முகவரிக்கு உரியவற்றை மட்டுமே அதன் ஸ்கிரிப்ட் தொடலாம் என்பதே அக்கொள்கை.

கொள்கை நல்லதுதான். ஆனால் அது பக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. பக்கத்திலுள்ள ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்பது உலாவிக்குத் தெரியாது. தேடல் பெட்டியில் ஒருவர் ஒரு சொல்லைத் தட்டுகிறார், தளம் "நீங்கள் தேடியது" என்று அச்சொல்லைத் திருப்பிக் காட்டுகிறது என்று கொள்வோம். அவர் தட்டியது சொல்லாக இல்லாமல் கோண அடைப்புக்குறிக்குள் எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தால், திருப்பிக் காட்டும்போது அது எழுத்தாகத் தெரியாது, இயங்கும். அந்தக் கோணக் குறியை, உலாவி வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றி எழுதுவதே எஸ்கேப் செய்தல் எனப்படுகிறது. கோட்பாட்டளவில் இக்குறைக்கான மருந்து இதுவே. முப்பது ஆண்டுகளாகத் தொடரும் சிக்கல், அம்மருந்தை ஒவ்வோர் இடத்திலும் மறக்காமல் இடுவது.

பெயர் வந்த கதை

2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர்கள் இக்குறைக்குப் பெயர் தேடினர். அனுமதியற்ற தள ஸ்கிரிப்டிங், மோசடி ஸ்கிரிப்டிங் போன்ற பொருள் தரும் பெயர்களும் அவர்களின் பட்டியலில் இருந்தன. கடைசியில் நிலைத்தது கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம், அந்நாட்டு அரசின் சில பாதுகாப்பு அமைப்புகளோடு சேர்ந்து, இதுபற்றிய எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள பிழை என்று அது சொல்லவில்லை. வலைப்பக்கங்களை உடனுக்குடன் உருவாக்கித் தரும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான குறை என்றது.

முதலெழுத்துகளால் சி.எஸ்.எஸ். என்று சுருக்கினால், பக்க அழகுக்கான பாணித்தாளின் சுருக்கத்தோடு குழம்பும் என்பதால் எக்ஸ் எழுத்து வந்தது. பெயர் அவ்வளவு பொருத்தமானதும் அல்ல. தளம் விட்டுத் தளம் தாவுதல் என்ற பொருளை அது தருகிறது. ஆனால் இன்று நடக்கும் தாக்குதல்களில் பலவற்றில் இரண்டாவது தளம் என்று ஒன்று இருப்பதே இல்லை.

இக்குறை மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. இணைப்பு முகவரியிலேயே ஸ்கிரிப்டை ஒளித்து, அதைச் சொடுக்குபவரை மட்டும் தாக்குவது எதிரொளிப்பு வகை. பின்னூட்டம், பயனர் பெயர் போன்றவற்றின் வழியே தரவுத்தளத்தில் சேர்ந்து, பக்கத்தைத் திறக்கும் எல்லாரையும் தாக்குவது சேமிப்பு வகை. வழங்கிக்குப் போகாமல் உலாவிக்குள்ளேயே நிகழும் மூன்றாவது வகையை 2005இல் அமித் கிளைன் விளக்கினார்.

சேமிப்பு வகையின் வேகத்தை உலகம் கண்டது அதே 2005ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று. அப்போது 19 வயதான சாமி கம்கார், மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை வைத்தார். அப்பக்கத்தைப் பார்ப்பவர் தாமாகவே அவருடைய நண்பராகச் சேர்க்கப்பட்டார். ஸ்கிரிப்டும் பார்த்தவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் சிக்கினர். மைஸ்பேஸ் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே தடுத்திருந்தது. சொல்லின் நடுவே வரிமுறிவை இட்டு கம்கார் அந்தத் தடையைக் கடந்தார். தீயதைப் பட்டியலிட்டுத் தடுக்கும் வழி எவ்வளவு எளிதில் தோற்கும் என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் பாடங்களில் எடுத்துக்காட்டாக உள்ளது.

செருகுநிரலின் அதிகாரம்

வேர்ட்பிரஸ் 2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோரால் வெளியிடப்பட்டது. மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற பழைய மென்பொருளின் கிளை அது. 2004 மே மாதத்தில் வந்த 1.2ஆம் பதிப்பு செருகுநிரல் அமைப்பைக் கொண்டுவந்தது. மைய நிரலில் கை வைக்காமல், அது விட்டுவைத்த கொக்கிகளில் வெளியார் தம் நிரலை மாட்டிக்கொள்ளலாம் என்பதே அமைப்பின் கருத்து. படிவம், கடை, படத்தொகுப்பு, தேடுபொறி உதவி என ஒவ்வொன்றுக்கும் செருகுநிரல்கள் பெருகின. அதிகாரப்பூர்வத் தொகுப்பில் இன்று அவற்றின் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டுகிறது. பெரும் நிறுவனங்கள் பராமரிப்பவையும் உண்டு. ஒருவர் மாலை நேரத்தில் எழுதி, வேலை மாறியதும் கைவிட்டவையும் உண்டு.

இந்த அமைப்பில் மையத்துக்கும் செருகுநிரலுக்கும் நடுவே சுவர் கிடையாது. நிறுவப்பட்ட செருகுநிரல் மைய நிரலின் முழு உரிமையோடு இயங்குகிறது. பக்க அடியில் நட்சத்திரக் குறி காட்டும் சிறு செருகுநிரலில் குறை இருந்தாலும், அது தளத்தின் குறையே.

எக்ஸ்.எஸ்.எஸ். வெறும் உலாவிச் சிக்கல்தானே, குக்கி திருட்டோடு முடிந்துவிடும் என்று பல நிரலர்கள் நெடுநாள் எண்ணியிருந்தனர். குக்கியை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி செய்யும் குறியை மைக்ரோசாஃப்ட் 2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் சேவைத் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டது. வேர்ட்பிரஸில் அக்குறி போதாது. தாக்குபவரின் ஸ்கிரிப்ட் நிர்வாகியின் உலாவியில் இயங்கினால், அதற்குக் குக்கியே தேவையில்லை. நிர்வாகி ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறார். ஸ்கிரிப்ட் பின்னணியில் புதிய பயனர் பக்கத்தைத் திறக்கும். போலிக் கோரிக்கைகளைத் தடுக்க அங்கு வைக்கப்பட்டுள்ள ஒருமுறைக் குறியெண்ணைப் படிக்கும். அதைச் சேர்த்து, தாக்குபவர் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கைத் தொடங்கும். அல்லது நிர்வாகப் பகுதியிலேயே உள்ள நிரல் திருத்தியைக் கொண்டு ஒரு செருகுநிரலின் பிஎச்பி கோப்பில் சில வரிகளை எழுதும். அக்கணமே உலாவிச் சிக்கல் வழங்கிச் சிக்கலாகிவிடுகிறது. நிர்வாகி தேநீர் அருந்திக்கொண்டே பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் எதுவும் மாறாது.

தடுக்கும் கருவிகளை வேர்ட்பிரஸ் தராமல் இல்லை. பின்னூட்டங்களில் அனுமதிக்கப்பட்ட குறிகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டும் கேஎஸ்இஎஸ் வடிகட்டி தொடக்கக் காலத்திலேயே வந்துவிட்டது. 2009இல் வந்த 2.8ஆம் பதிப்பு, பக்க உரைக்கு ஒன்று, குறியின் பண்புக்கு ஒன்று, இணைய முகவரிக்கு ஒன்று எனத் தனித்தனி எஸ்கேப் செயற்கூறுகளைத் தந்தது. இவை தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உரைக்குள் பாதுகாப்பான ஒரு சொல், முகவரிக்குள் வைக்கப்பட்டால் ஆபத்தாகலாம். எனவே எங்கே அச்சிடுகிறோம் என்று அறிந்து, அச்சிடும் கடைசி நொடியில் எஸ்கேப் செய்ய வேண்டும். ரியாக்ட் போன்ற பிற்காலக் கட்டமைப்புகள் இதைத் தாமாகவே செய்கின்றன. வேர்ட்பிரஸின் பிஎச்பியோ சொன்னதை அப்படியே அச்சிடும். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் நிரலருடையது.

2015: ஏப்ரலும் மே மாதமும்

இவ்வரலாற்றில் மிகவும் பரபரப்பான வாரங்கள் 2015 ஏப்ரலில் தொடங்கின. மாத முற்பகுதியில், பத்து இலட்சம் தளங்களில் பயன்பட்ட டபிள்யூபி சூப்பர் கேஷ் செருகுநிரலில் சேமிப்பு வகைக் குறை இருப்பதை சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அது ஒரு செருகுநிரலோடு நின்றது. அடுத்து வந்தது அப்படியில்லை.

வேர்ட்பிரஸில் இணைய முகவரியின் இறுதியில் ஒரு அளவுருவைச் சேர்க்க ஆட் குவெரி ஆர்க் என்ற செயற்கூறும், நீக்க ரிமூவ் குவெரி ஆர்க் என்ற செயற்கூறும் உள்ளன. முகவரி எதையும் கொடுக்காமல் அவற்றை அழைத்தால், பார்வையாளர் அப்போது திறந்திருக்கும் முகவரியையே எடுத்துக்கொள்ளும். அம்முகவரியில் தாக்குபவர் ஸ்கிரிப்டை வைத்திருந்தால் அதையும் சேர்த்துத் திருப்பித் தரும். எஸ்கேப் செய்வது அவற்றின் வேலையல்ல. ஆனால் அதிகாரப்பூர்வ ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. விளைவை எஸ்கேப் செய்துதான் இச்செயற்கூறுகள் தருகின்றன என்று அனுபவம் மிக்க நிரலர்களும் நம்பினர். முதலில் ஒரு செருகுநிரலில் கண்டறியப்பட்ட குறை, தேடத் தேட எங்கும் இருந்தது.

சுகுரி நிறுவனத்தாரும் யோஸ்ட் நிறுவனத்தின் யூஸ்ட் டெ வால்க்கும் மிகுதியாகப் பயன்படும் 300 முதல் 400 வரையிலான செருகுநிரல்களைச் சரிபார்த்தனர். ஜெட்பேக், யோஸ்டின் தேடுபொறிச் செருகுநிரல், ஆல் இன் ஒன் எஸ்இஓ, கிராவிட்டி ஃபார்ம்ஸ், நிஞ்சா ஃபார்ம்ஸ், அப்டிராஃப்ட்பிளஸ் எனப் புகழ்பெற்ற பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஒன்று மட்டும் முதலில் திருத்தத்தை வெளியிட்டால், மற்றவற்றில் எங்கே தேட வேண்டும் என்பதைத் தாக்குபவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகும். எனவே போட்டி நிறுவனங்கள் உட்பட அனைவரும் வேர்ட்பிரஸின் பாதுகாப்புக் குழுவோடு பேசி, ஏப்ரல் 20 திங்களன்று ஒரே நேரத்தில் திருத்தங்களை வெளியிட்டனர். கட்டற்ற மென்பொருள் உலகில் இத்தனை தனித்தனிக் கைகள் ஒரு நாளுக்காக இரகசியம் காத்தது அரிது.

மறுநாளே வேர்ட்பிரஸ் 4.1.2 வந்தது. தரவுத்தளத்தின் பழைய எழுத்துருக் குறியாக்கம் நான்கு பைட் கொண்ட எழுத்துகளை ஏற்காது. அத்தகைய எழுத்து வந்த இடத்தோடு உரையை வெட்டிவிடும். வெட்டப்பட்ட எச்சத்தை ஸ்கிரிப்டாக்கலாம் என்று செட்ரிக் வான் பாக்ஹேவன் காட்டியிருந்தார். அந்த வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 26 அன்று, பின்லாந்தின் யோவுகோ பைனோனன் அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு குறையைத் திருத்தம் இல்லாத நிலையிலேயே வெளியிட்டார். 2014 நவம்பர் முதல் தம் முயற்சிகளுக்கு வேர்ட்பிரஸ் தரப்பிலிருந்து பதில் இல்லை என்பது அவர் கூறிய காரணம். வேர்ட்பிரஸ் குழு ஏப்ரல் 27 அன்று 4.2.1ஐ வெளியிட்டது.

பைனோனன் கண்டது எளிமையானது. பின்னூட்டத்துக்கான தரவுத்தளப் புலம் 65,535 பைட் மட்டுமே கொள்ளும். அதைவிட நீண்ட பின்னூட்டத்தை வடிகட்டி சரிபார்த்து அனுப்பிய பிறகு, தரவுத்தளம் அதன் வாலை வெட்டிவிடும். முழுதாக இருந்தபோது குற்றமற்றதாகத் தெரிந்த குறி, வால் இழந்தபின் ஸ்கிரிப்டாக மாறும். பைட் கணக்கு என்பதால் மொழிக்கேற்ப எல்லையும் மாறும்: யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால், ஆங்கிலத்தில் 65,535 எழுத்து பிடிக்கும் புலம் தமிழில் 21,845 குறியீடுகளிலேயே நிரம்பிவிடும். இவ்விரண்டு குறைகளும் மைய நிரலைச் சேர்ந்தவையே, செருகுநிரலுடையவை அல்ல. ஆயினும் செருகுநிரல் எழுதுவோருக்கு அவை உணர்த்திய செய்தி பெரிது. உள்ளே வரும்போது ஒருமுறை தூய்மைப்படுத்திவிட்டோம் என்று நம்பி, வெளியே அச்சிடும்போது விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையில் தரவு மாறிவிடுகிறது.

மே மாதத்தில் வந்த குறை ஏறக்குறைய நகைச்சுவை போன்றது. ஜெனரிகான்ஸ் என்ற படஎழுத்துருத் தொகுப்போடு, எழுத்துருவைக் காட்டுவதற்கான ஒரு மாதிரிப் பக்கமும் இருந்தது. எந்தத் தளமும் பயன்படுத்தாத கோப்பு அது. வேர்ட்பிரஸின் இயல்புத் தோற்றமான டிவென்டி ஃபிஃப்டீனும் ஜெட்பேக்கும் அத்தொகுப்பை எடுத்தபோது மாதிரிப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துவந்தன. அதில் கிளைன் விளக்கிய மூன்றாம் வகைக் குறை இருந்தது. முகவரியில் கட்டக்குறிக்குப் பின்வரும் பகுதி வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை என்பதால், வழங்கியில் வைத்த காவல் மென்பொருளால் அதைக் காணவும் முடியாது. மே 7 அன்று வந்த 4.2.2ஆம் பதிப்பு, தளத்தின் கோப்பகங்களைத் துழாவி அந்தக் கோப்பை அழித்தது.

ஜூலை 23 அன்று வந்த 4.2.3 வேறொரு வாசலை மூடியது. சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்குறி வசதி 2008 முதல் வேர்ட்பிரஸில் உண்டு. கட்டுரையாளர் எழுதும் உரையைக் கேஎஸ்இஎஸ் வடிகட்டும். ஆனால் குறுங்குறிக்குள் இருப்பது அதற்கு வெறும் எழுத்து. பின்னர் செருகுநிரல் அதை விரித்துப் பக்கக் குறியாக மாற்றும்போது வடிகட்டி பக்கத்தில் இல்லை. 4.2.3இன் மாற்றம் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது, ஆனால் குறுங்குறியை எதிர்பாராத இடங்களில் பயன்படுத்தியிருந்த பல தளங்களின் பக்கங்கள் ஒரே இரவில் சிதைந்தன. பாதுகாப்புத் திருத்தம் தம் தளத்தை உடைத்துவிட்டது என்ற தள உரிமையாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. குறுங்குறியின் பண்புகளை எஸ்கேப் செய்யாத செருகுநிரல்கள் இன்றும் புதிது புதிதாகக் கண்டறியப்படுகின்றன.

2019: பெயரால் விளைந்த பிழை

2019இன் முதல் பாதியில் தாக்குதல்கள் ஆராய்ச்சி அறிக்கைகளிலிருந்து இறங்கி, கடை வாசலுக்கே வந்தன. வூகாமர்ஸ் கடைகளில், பொருளை வண்டியில் இட்டுவிட்டு வாங்காமல் போனவர்களின் விவரத்தைக் காட்டும் அபான்டன்ட் கார்ட் என்ற செருகுநிரல் 20,000 தளங்களில் இருந்தது. தாக்குபவர்கள் வாடிக்கையாளரைப் போலவே கடைக்கு வந்தனர், பெயர் எழுதும் இடத்தில் ஸ்கிரிப்டை எழுதினர், வாங்காமல் போய்விட்டனர். கடைக்காரர் அன்றைய இழப்பைப் பார்க்க நிர்வாகப் பக்கத்தைத் திறந்தபோது ஸ்கிரிப்ட் இயங்கி, புதிய நிர்வாகிக் கணக்கைத் தொடங்கியது. அத்தோடு, செயல்பாட்டில் இல்லாத ஒரு செருகுநிரலைத் தேடி அதன் கோப்பில் இரண்டாவது பின்வாசலையும் வைத்தது. அணைத்து வைத்த செருகுநிரல் தீங்கற்றது என்ற பொதுநம்பிக்கையை அது பயன்படுத்திக்கொண்டது. அணைத்தாலும் கோப்பு வழங்கியிலேயே இருக்கிறது. திருத்தப்பதிப்பு பிப்ரவரியிலேயே வந்திருந்தது. தாக்குதல் வெளிப்பட்டது மார்ச்சில்.

மார்ச் 21 அன்று, ஏறத்தாழ 70,000 தளங்களில் இருந்த சோஷியல் வார்ஃபேர் செருகுநிரலின் குறை திருத்தம் வருமுன்பே பொதுவெளியில் வெளியிடப்பட்டது. தளங்கள் தாக்கப்பட்டன; அன்றே 3.5.3 வந்தது. அடுத்த இலக்கு, 60,000 தளங்களில் இருந்த யூசோ ரிலேட்டட் போஸ்ட்ஸ். மார்ச் 30 அன்று அது தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஏப்ரல் 10 முதல் அதைக் கொண்ட தளங்களுக்கு வந்தவர்கள் மோசடிப் பக்கங்களுக்குத் திருப்பப்பட்டனர். செருகுநிரலை உடனே நீக்கிவிடும்படி அதன் ஆசிரியரே வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

யூசோவின் பிழை ஒரு பெயரிலிருந்து வந்தது. வேர்ட்பிரஸில் இஸ் அட்மின் என்றொரு செயற்கூறு உண்டு. பெயரைப் படிப்பவர், பயனர் நிர்வாகியா என்று அது பார்க்கிறது என்றே எண்ணுவார். உண்மையில் கேட்கப்பட்ட பக்கம் நிர்வாகப் பகுதியைச் சேர்ந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கும். நிர்வாகப் பகுதியின் சில முகவரிகளை உள்நுழையாத எவரும் அழைக்கலாம். ஆகவே, காவலாளி என்று நினைத்து நிறுத்தியது வெறும் பெயர்ப்பலகை. அதே ஆண்டு மே மாதத்தில் டபிள்யூபி லைவ் சாட் சப்போர்ட் செருகுநிரலில் கண்ட குறையும் இதன் உடன்பிறப்பே. நிர்வாகப் பகுதி தொடங்கும்போது இயங்கும் கொக்கியை, நிர்வாகி மட்டும் தொடக்கூடியது என்று அதன் நிரலர் கருதியிருந்தார். ஆவணங்களில் எச்சரிக்கை உண்டு. எனினும் தவறான பொருள் தரும் பெயரை வைத்துவிட்டு எச்சரிக்கை எழுதுவதைவிட, பெயரை மாற்றியிருக்கலாம். பழைய செருகுநிரல்கள் உடையும் என்பதால் அது நடக்கவில்லை.

யூசோவின் குறையை விவரங்களோடு வெளியிட்டது ஒரு பாதுகாப்பு நிறுவனம். வேர்ட்பிரஸ் உதவி மன்றத்தின் நடத்துநர்களுக்கு எதிரான கண்டனமாக, செருகுநிரல் ஆசிரியருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் அது வெளியிட்டது. நடத்துநர்களோடு அந்நிறுவனத்துக்கு இருந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்க, விலை கொடுத்தவர்கள் அவ்வழக்கைக் கேள்விப்பட்டே இராத தள உரிமையாளர்கள். இதில் தொகுப்பு அமைப்பின் குறையும் தெரிந்தது. குறையுள்ள செருகுநிரல் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டால் புதிதாக யாரும் அதை நிறுவ முடியாது. ஏற்கெனவே நிறுவியவரின் தளத்தில் அது அப்படியே ஓடும். நிர்வாகப் பக்கத்தில் எந்த அறிவிப்பும் வராது. தாக்குபவர்களோ நீக்கப்பட்டவற்றின் பட்டியலைக் கூர்ந்து பார்ப்பவர்கள். 2020 ஏப்ரல் இறுதியில் தொடங்கி 9 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களைக் குறிவைத்த ஒரு தாக்குதல் அலையை வேர்ட்ஃபென்ஸ் நிறுவனம் பதிவு செய்தது. அதில் முதன்மையான இலக்குகளுள் ஒன்று ஈசி2மேப். 2019 ஆகஸ்டிலேயே தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது.

உலாவிகளும் தானியங்கிப் புதுப்பிப்பும்

உலாவிகளும் தம் பங்குக்கு முயன்றன. 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 ஒரு எக்ஸ்.எஸ்.எஸ். வடிகட்டியோடு வந்தது. குரோம் உலாவியும் தனக்கென ஒன்றை அமைத்தது. எதிரொளிப்பு வகையை மட்டும் ஓரளவு பிடித்த இவை, பிடிக்க வேண்டாதவற்றையும் பிடித்தன. இவற்றையே தாக்குதலுக்குப் பயன்படுத்தவும் வழிகள் காணப்பட்டன. 2019 அக்டோபரில் குரோம் 78 அதைக் கைவிட்டது. எந்த ஸ்கிரிப்டை இயக்கலாம் என்று தளமே அறிவிக்கும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இல் வந்தது. இது வலிமையானது. ஆனால் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்டை எழுதும் பழக்கமுள்ள பல செருகுநிரல்கள் கூடிய ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் அதைக் கடுமையாக வைத்தால், தளமே நின்றுவிடும்.

அதனால் வேர்ட்பிரஸில் நடைமுறைக்கு உதவியது புதுப்பிப்பே. 2013இல் 3.7ஆம் பதிப்பு மைய நிரலின் சிறு திருத்தங்களைத் தானாக நிறுவத் தொடங்கியது. செருகுநிரல்களுக்கும் அவ்வசதியை நிர்வாகப் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம் என்பது 2020 ஆகஸ்டில் 5.5ஆம் பதிப்போடு வந்தது. 4.2.3ஆல் பக்கங்கள் சிதைந்ததை நினைவில் வைத்திருப்போர் பலர் அதை இயக்காமலே விட்டனர்.

மணிக்கணக்கில் நடக்கும் ஓட்டம்

2023 மே 2 அன்று, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் உள்ள அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் செருகுநிரலில் எதிரொளிப்பு வகைக் குறை ஒன்றைப் பேட்ச்ஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டறிந்து, அன்றே உரிமையாளருக்குத் தெரிவித்தார். மே 4 அன்று 6.1.6ஆம் பதிப்பு வந்தது. மே 5 அன்று பேட்ச்ஸ்டாக் விளக்கத்தை வெளியிட்டது. எல்லாம் முறைப்படியே நடந்தன. விளக்கம் வெளியான 24 மணி நேரத்துக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டதை ஆகமாய் நிறுவனம் கண்டது. விளக்கக் கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தந்திருந்த நிரலையே தாக்குபவர்கள் மாற்றமின்றிப் பயன்படுத்தியிருந்தனர். திருத்தம் வந்த செய்தி தள உரிமையாளரை அடைவதற்குள் தாக்குபவரை அடைந்துவிடுகிறது. வார இறுதி விடுமுறைக்குப் போன ஒரு சிறு தளத்தின் நிர்வாகி இந்த ஓட்டத்தில் வெல்ல வழியில்லை.

இத்தகைய குறைகளைத் தொழிலாகவே பயன்படுத்தும் கும்பல்களும் உள்ளன. பலாடா இன்ஜெக்டர் என்று சுகுரி பெயரிட்ட ஒரு தாக்குதல் தொடர் 2017 முதல் நடந்துவருகிறது. 2023 செப்டம்பரில் மட்டும் அதனால் பாதிக்கப்பட்ட தளங்கள் 17,000க்கு மேல் கண்டறியப்பட்டன. அவற்றுள் 9,000க்கு மேற்பட்டவை, செய்தித் தளங்களின் தோற்றங்களோடு வரும் டேக்டிவ் கம்போசர் செருகுநிரலின் சேமிப்பு வகைக் குறையால் வீழ்ந்தவை. அவ்வாண்டு டிசம்பரில் பாப்அப் பில்டர் செருகுநிரலின் வழியே அதே தொடர் மீண்டும் வந்தது.

2024இல் செய்தியானது லைட்ஸ்பீடு கேஷ். அப்போது 50 இலட்சம் தளங்களில் இருந்த இச்செருகுநிரலில், வெளிச்சேவையின் நிலையை வழங்கிக்குத் தெரிவிக்கும் ஒரு முகவரிக்கு உள்நுழையாத எவரும் செய்தி அனுப்ப முடிந்தது. அனுப்பிய செய்தி எஸ்கேப் செய்யப்படாமல் நிர்வாகிக்கான அறிவிப்பாக அச்சானது. அறிவிப்பு நிர்வாகப் பகுதியின் எல்லாப் பக்கங்களிலும் தெரியும் என்பதால், நிர்வாகி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் போதும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் தாக்கப்பட்ட தளங்களில் டபிள்யூபிசப்-யூசர் போன்ற பெயரில், வேர்ட்பிரஸே வைத்த உதவிக் கணக்கு போலத் தோன்றும் நிர்வாகிக் கணக்குகள் காணப்பட்டன. தாக்கப்பட்டவை 5.7.0.1க்கு முந்தைய பதிப்புகளில் நின்றுவிட்ட தளங்கள். அந்தத் திருத்தம் 2023 அக்டோபரிலேயே வெளிவந்திருந்தது.